கரைப்பாதையில் ஏன் போனார் அமல்ராஜ்

அந்தச் செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகப் போன் போட்டு வாங்கிக்கொண்டேன். காமயகவுண்டன்பட்டியில் பேருந்து நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு இட்லிக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. கடை வாசலில் எங்கள் வண்டிகள் ஆறு நின்றன. ஏழாவது வண்டி வந்து சேரவில்லை. இரண்டு தோசை தின்று முடித்து, கை கழுவிவிட்டு வந்துதான் நான் அமல்ராஜ் அண்ணனைக் கூப்பிட்டேன். இந்த வரிசையை மாற்றாமல் எழுதுகிறேன். முதலில் தோசை, பிறகு கை கழுவியது, பிறகுதான் போன்.

எடுத்தது ஒரு பெண். "ஏப்பா, இந்தப் போனுக்காரரு உனக்கு என்ன வேணும்?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவருக்கு.

"கூட வந்தவன்மா. நீங்க யாரு?"

"நான் இங்கன திராட்சைத் தோட்டத்துல வேலை பாக்குறவ. வாய்க்காக் கரையில வண்டியோட விழுந்து கெடக்காக. பேச்சு மூச்சக் காணோம். சுருக்கா வாங்கய்யா."

நான் போனை இறக்குவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலா, தேனியில் செல்போன் கடை வைத்திருப்பவன், பெண் குரலைக் கேட்டுவிட்டான். "என்னப்பா, தராசு போனைப் பொம்பளை எடுக்குது?" என்றான், அமல்ராஜ் அண்ணனைச் சொல்லி. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு விநாடி இருக்கும் அந்தச் சிரிப்பு. அது பிறகு எங்கெங்கே போய் என்னென்ன செய்தது என்பதையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமல்ராஜைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் இறந்த மறுநாள் அல்லிநகரத்தில் சுவரொட்டி ஒட்டினோம். அதில் 'கடைசி வண்டியை விரும்பி ஓட்டிய எங்கள் தோழன்' என்று அச்சடித்திருந்தது. வாட்ஸாப்பில் நீங்கள் ஒவ்வொருவரும் அதையே திருப்பித் திருப்பிப் போட்டீர்கள். பெருந்தன்மை என்றீர்கள். எல்லோரையும் முன்னே விட்டுப் பின்னால் வந்த மனம் என்றீர்கள். 'விரும்பி' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

அவரை முதலில் பார்த்தது சின்னமனூரில், என் மாமாவின் வாழைக்காய் மண்டியில், நான்கு வருடத்துக்கு முன்பு. எலக்ட்ரானிக் தராசு பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். தேனியிலிருந்து கூடலூர் வரை மண்டி, ஏலக்காய்க் கடை, ரேஷன் கடை, எங்கே தராசு மக்கர் செய்தாலும் ஒரு பழைய மொபெட்டில் பையை மாட்டிக்கொண்டு போவார். அன்று வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அவரே தராசு மேல் ஏறி நின்றார். "எழுபத்தொண்ணு. நேத்து கம்பத்துலயும் எழுபத்தொண்ணு. தராசும் சரி, நானும் சரி" என்றார். மண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா எல்லோருக்கும் டீ சொன்னார். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர், அவருக்குக் காகிதக் கப். அன்று நான் அதைக் கவனித்தேனா என்று யாராவது கேட்டால், கவனித்தேன். பேசாமல் டீயைக் குடித்தேன்.

வண்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேர் கிளம்பிப் போவதைச் சொன்னேன். "என் வண்டி நூறு சிசி தான் கதிரு. சேத்துக்கிருவீகளா?" என்று கேட்டார். நான் சுந்தரம் அண்ணனிடம் கேட்டேன். அல்லிநகரத்தில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறார், எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைமை. "ரிப்பேரு தெரிஞ்ச ஆளா? கூட்டிட்டு வா" என்றார். அப்படித்தான் அமல்ராஜ் அண்ணன் எங்களுக்குள் வந்தார், ஒரு ஸ்பானர் வருவது போல. நாங்கள் ஆளுக்கு ஆள் மாப்ள, பங்காளி, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். நான்கு வருடத்தில் அவரை அப்படி ஒருவரும் கூப்பிட்டதில்லை. அவருக்குத் தராசு என்று பெயர் வைத்தோம். பாசமாகத்தான் வைத்தோம், சந்தேகமில்லை. ஆனால் உறவுமுறை சொல்லிக் கூப்பிட அவர் எங்கள் தெருவில் பிறந்திருக்க வேண்டும். அவருடைய தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். பெயர்கள் மாறின. தெரு மாறவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. முன்னால் போகிறவர் பாதையைப் பார்ப்பார். மற்றவர்கள் ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவரின் விளக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போக வேண்டும். விளக்கு காணாமல் போனால் உடனே நிறுத்த வேண்டும். நாம் நின்றால் நமக்கு முன்னால் போகிறவர் கண்ணாடியில் நம்மைக் காணாமல் அவரும் நிற்பார். இப்படியே கடைசியில் மொத்த வரிசையும் நின்றுவிடும். ஆண்டிபட்டிக் கணவாயில் ஒரு தடவை ஒருத்தன் விழுந்து, நாங்கள் தெரியாமல் பத்துக் கிலோமீட்டர் போய்விட்ட பிறகு சுந்தரம் அண்ணன் கொண்டுவந்த விதி இது. கடைசி வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. அதனால் அவர் யாரையும் கண்ணாடியில் பார்க்க வேண்டியதில்லை. அவரைப் பார்ப்பது ஆறாவது ஆளின் வேலை. ஆறாவது ஆள் நான்.

கடைசி இடம் ஆரம்பத்தில் வாரம் ஒருவருக்கு என்று முறை வைத்து மாறிக்கொண்டிருந்தது. மயிலாடும்பாறை வழியாக வருசநாட்டுக்குப் போன ஞாயிறு அமல்ராஜ் அண்ணனின் முறை. தூறலில் பாலாவின் வண்டி செயின் அறுந்து நின்றுவிட்டது. பக்கத்தில் கடை இல்லை. இவர் தன் நூறு சிசி வண்டியில் உட்கார்ந்தபடியே, வலது காலை நீட்டி பாலா வண்டியின் கால்கட்டையில் கொடுத்து, எட்டுக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தார். மயிலாடும்பாறையில் வந்து இறங்கியபோது அவரால் அந்தக் காலை ஊன்ற முடியவில்லை.

"அண்ணே, இதுக்கு நான் அடுத்த பொறவியில உங்களுக்குத் தள்ளி விடுறேன்" என்றான் பாலா.

"உங்க சாமி அடுத்த பொறவி குடுக்கும்டா. எங்க சாமி குடுக்காது. அதனால இந்தப் பொறவியிலயே தள்ளி முடிச்சிரு" என்றார்.

அன்று டீக்கடையில் காலை நீவிக்கொண்டே அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "முன்னால போறவனுக்கு ரோடு தெரியும். பின்னால வாறவனுக்கு ஆளத் தெரியும். கதிரு இன்னிக்கு வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்கான். முதுகைப் பாத்தாலே தெரியுது." நான் சண்டை போட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் புல்லட் வாங்கினார். பழைய வண்டி, கரும்பச்சை நிறம். மூன்று மாதம் ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் அதையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி சகாயம் அக்கா சொல்வார். அது ஓடத் தொடங்கிய முதல் ஞாயிறு சுந்தரம் அண்ணன் அவரைத் தனக்கு அடுத்து இரண்டாவதாக வரச் சொன்னார். மரியாதைக்காக. உத்தமபாளையத்தில் நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் இறங்கி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே காமயகவுண்டன்பட்டிக்குப் போவது எங்கள் வழக்கமான வழி. நடுவில் ஒரு ஊர் உண்டு. பெயர் எழுத மாட்டேன். பயம்தான் காரணம், வேறு நாகரிகம் எதுவும் இல்லை. அது சுந்தரம் அண்ணன் பெண் எடுத்த ஊர்.

ஊர் நுழைவில் நான்கைந்து பேர் நின்றார்கள். அமல்ராஜ் அண்ணனை விடப் பத்து வயது குறைந்தவர்கள். சுந்தரம் அண்ணனுக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, இரண்டாவது வண்டியின் குறுக்கே ஒருவன் வந்து நின்றான்.

"ஏலே, இது நம்ம தராசு ரிப்பேருக்காரன்ல?"

"ஆமாண்ணே" என்றார் அமல்ராஜ்.

"வண்டி யாருது?"

"என்னுதுதாண்ணே."

"சத்தம் ரொம்பக் கேக்குதே ஊருக்குள்ள."

சுந்தரம் அண்ணன் இறங்கி வந்தார். "மாப்ள, நம்ம கூட வந்தவருதான். விடுங்கப்பா."

"நீங்க போங்க மச்சான், உங்கள யாரு என்ன சொன்னா? இவரு எறங்கித் தள்ளிட்டு வரட்டும். ஊரு முடிஞ்சதும் ஏறிக்கிடட்டும்."

சுந்தரம் அண்ணன் அமல்ராஜின் பக்கம் திரும்பினார். "அமலு, ஒரு அஞ்சு நிமிசந்தான். பிரச்சனை வேணாம்."

அவர் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார். இறங்கினார். புல்லட்டைத் தள்ளியவர்களுக்குத் தெரியும் அதன் கனம். அரைக் கிலோமீட்டர். நாங்கள் ஆறு பேரும் வண்டியில்தான் போனோம். ஆறு வண்டிச் சத்தம் அந்த ஊருக்குக் கேட்கவில்லை, ஒன்றுதான் கேட்டது. நான் கடைசியில் இருந்ததால் மெதுவாக அவரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பலசரக்குக் கடை வாசலில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "தராசு தம்பி, நாளைக்கு இந்தப் பக்கம் வாறியா? எங்க கடைத் தராசுல நம்பரே வர மாட்டேங்குது." தள்ளிக்கொண்டே, திரும்பிப் பார்த்து, "வாறேன்க்கா" என்றார். மறுநாள் வந்தார் என்றும் கேள்விப்பட்டேன். மொபெட்டில் பையோடு வந்தால் வா தம்பி. புல்லட்டில் வந்தால் இறங்கு. வாரத்தில் ஆறு நாள் இவர் இல்லாமல் அவர்களுக்கு ஒரு கிலோ அரிசி நிறுக்க முடியாது.

ஊர் முடிகிற இடத்தில் நாங்கள் காத்திருந்தோம். வியர்வையோடு வந்து சேர்ந்தார். இட்லிக் கடையில் பாலாதான் வாயைத் திறந்தான். "நல்ல எக்சர்சைஸ்ணே." அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எங்களுக்கெல்லாம் நிம்மதி. சாப்பிட்டு முடித்ததும் அவர் சொன்னார்: "இனிமே கடைசி வண்டி நானே வாறேன். யாரும் மொறை மாத்த வேண்டாம்." நாங்கள் கை தட்டினோம். இதுதான் சுவரொட்டியில் இருக்கிற அந்த 'விரும்பி'.

அடுத்த முறை அந்த வழியில் போனபோது, ஊருக்கு முன்னால் இருக்கிற சின்னப் பாலத்தில் என் கண்ணாடியிலிருந்து அவர் விளக்கு மறைந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. ஏன் மறைந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பாலத்தில் இருந்து வாய்க்கால் கரை பிரிகிறது. டிராக்டர் போகிற மண்பாதை. ஊரைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் தார்ச்சாலையில் ஏறும். பத்து நிமிடம் கழித்து இட்லிக் கடை வாசலில் அவர் வண்டி வந்து நின்றது. யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு என்று ஒன்றரை வருடம் இப்படியே நடந்தது. விளக்கு மறைந்தால் நிறுத்த வேண்டும் என்ற விதிக்கு அந்தப் பாலத்தில் மட்டும் ஒரு விலக்கு. யாரும் வாயால் சொல்லாமல், ஏழு பேரும் ஏற்றுக்கொண்ட விலக்கு. நெடுஞ்சாலையிலேயே கம்பம் போய்ச் சுற்றி வந்தால் நாலைந்து கிலோமீட்டர்தான் கூட வரும். அப்படிப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. திராட்சைப் பந்தலுக்கு நடுவே வண்டிகள் போவது வீடியோவில் நன்றாக இருக்கும். சுந்தரம் அண்ணனுக்கு மச்சினர்கள் கையசைப்பார்கள். அவ்வளவுதான் காரணங்கள்.

அந்த ஞாயிறுக்கு முந்தைய நான்கு நாள் மழை. கரைப்பாதையின் நடுவே இருந்த சிறு மதகுப் பாலம் ஒரு பக்கம் சரிந்து விழுந்திருக்கிறது. டிராக்டர்கள் இரண்டு நாளாக அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு கயிறு கட்டவில்லை, ஒரு முள்ளை வெட்டிப் போடவில்லை. தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் நடந்து போகிற பாதைதானே, யார் கேட்கப் போகிறார்கள். ஏழரை மணிக்குப் பாலத்தில் அவர் விளக்கு மறைந்தது. நான் வழக்கம்போல நிறுத்தவில்லை. பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. "கரையெல்லாம் சேறா இருக்கும், மெதுவா வருவாரு" என்று நான்தான் சொன்னேன். அவருக்கு இரண்டு இட்லி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் அவர் வாய்க்கால் கல்லில் தலை சாய்ந்து கிடந்திருக்கிறார்.

என்னிடம் போனில் பேசிய ராக்கம்மாதான் தோட்டத்துக்குப் போகும்போது பார்த்தது. தலைக்கவசத்தைக் கழற்றி, மடியில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் நாங்கள் போனபோது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து அவரைப் படுக்க வைத்து, அந்த ஊர்த் தெரு வழியாகத்தான் கொண்டுபோனோம். அன்றுதான் அவர் அந்தத் தெருவில் இறங்காமல் போனார். கம்பத்தில் பார்த்துவிட்டுத் தேனிக்கு அனுப்பினார்கள். வீரபாண்டி தாண்டும்போது கை சில்லிட்டுவிட்டது. "ஒரு மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்" என்று தேனியில் டாக்டர் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன்.

மதியம் காவல் நிலையத்தில் ஏட்டு எழுதிக்கொண்டே கேட்டார். "தார் ரோடு இருக்கயில கரைப்பாதையில எதுக்குப் போனாரு?"

"திராட்சைத் தோட்டத்த போட்டோ எடுக்கப் போனாருங்க" என்றார் சுந்தரம் அண்ணன்.

ஏட்டு எங்களைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமா சார்" என்றேன் நான். முதலில் ஆமாம் சொன்னது நான்தான், மற்றவர்கள் எனக்குப் பிறகு தலையாட்டினார்கள். கையெழுத்துப் போட்டோம். 'கவனக்குறைவாக ஓட்டி' என்று அதில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். வெளியே வந்ததும் சுந்தரம் அண்ணன் என் தோளைப் பிடித்தார். "உண்மையச் சொன்னா அங்கன நாலு பேரு மேல கேசு வரும்டா. எம்பொண்டாட்டி கூடப் பொறந்தவனுக. செத்தவரு திரும்பி வரப்போறாரா?" எனக்கு அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. இதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது, நியாயமாகத்தான் பட்டது.

அவரை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கமும் சிலுவைகள், இந்தப் பக்கமும் சிலுவைகள். அவர் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று வாரத்தில் பாலாவின் பகடி ஊரெல்லாம் சுற்றியது. பாலா கெட்டவன் இல்லை, அவன் யாரிடமோ அழுதுகொண்டேதான் சொல்லியிருக்கிறான், கடைசியாகப் போனை ஒரு பெண் எடுத்தாள், நான் சிரித்துவிட்டேன் என்று. கேட்டவர்கள் அழுகையை விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கரைக்குத் தராசு ஒரு பொம்பளையைப் பார்க்கப் போயிருக்கிறான், போட்டோவாவது ஒண்ணாவது, போனையே அவள்தானே எடுத்தாள். கம்பத்தில் டீக்கடையில் நானே காதால் கேட்டேன். நாங்கள் சொன்ன பொய் வலுவில்லாதது. யாருமே அதை நம்பவில்லை. அது விட்டுவைத்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது. ராக்கம்மாவின் புருஷன் அவரை அந்தத் தோட்டத்து வேலைக்கே போகக் கூடாது என்று நிறுத்திவிட்டான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சகாயம் அக்கா என்னைக் கோயில் வாசலில் நிறுத்தினார். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் கொஞ்சம் தள்ளி நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும். இவுக எதுக்கு அந்தக் கரையில போனாக?"

நான் வாசல் படியிலிருந்து இறங்கி ஓரமாக வந்து நின்றேன்.

"போட்டோ எடுக்கன்னு எழுதியிருக்காக. அந்தப் போனுல கேமரா ஒடைஞ்சு ஆறு மாசமாச்சு. பிள்ளை பொறந்த நாளுக்கே எம்போனுலதான் எடுத்தாக." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளிய வேற மாதிரி பேசுறாக. எனக்கு இவுகளத் தெரியும், அதப்பத்தி நான் ஒண்ணும் கேக்கல. நாளைக்கு இது வளந்து யாருகிட்டயாவது கேட்டுட்டு வந்து நின்னா, நான் எதக் காட்டுவேன்?"

சொன்னேன். பாலம், கரை, அதற்கு முன்பு நடந்தது, எல்லாவற்றையும். அவர் இடையில் மறிக்காமல் கேட்டார்.

"தள்ளிட்டுப் போனாகளா?"

"ஆமாக்கா."

"எம்புட்டுத் தூரம்?"

"அரைக் கிலோமீட்டர் இருக்கும்."

"நீங்கள்லாம்?"

"வண்டியில போனோம்."

மகளைப் பார்த்தபடியே பேசினார். "அன்னிக்கு வந்து தோளு ரெண்டும் வலிக்குதுன்னு சொன்னாக. புது வண்டி, இன்னும் கைக்குப் பழகலன்னாக. நானும் நம்பித் தைலம் தேச்சு விட்டேன்." பிறகு சொன்னார்: "எங்கிட்டச் சொல்லி என்ன தம்பி? கையெழுத்துப் போட்ட எடத்துல போயிச் சொல்லுங்க."

போனேன். அதே ஏட்டுதான் இருந்தார். "அன்னிக்குப் பொய் சொன்னியா, இன்னிக்குப் பொய் சொல்லுறியா? எதுன்னு நான் எப்பிடித் தெரிஞ்சுக்கிறது?" என்றார். மற்ற ஐந்து பேருக்கும் போன் போட்டார். ஐந்து பேரும் போட்டோ என்றார்கள். "கோப்பு முடிஞ்சு போச்சு. தெறந்தா மொத ஆளா ஒம்மேலதான் எழுதணும். ஊருக்குள்ள கலவரம் இழுத்து விடாத, போ." ராக்கம்மாவைத் தேடிப் போனேன். வாசலில் நிற்க வைத்தே பேசினார். "அந்தத் தம்பி ஞாயித்துக்கெழமைகள்ல கரையில போகும். ஓரமா நின்னு எங்களுக்கு வழி விடும். அம்புட்டுத்தான் பழக்கம். நான் பாத்தேன்னு சொல்லலாம்தான். ஏற்கெனவே எம்பேரு நாறிக் கெடக்கு. என்னைய இழுக்காதய்யா." அடிபட்டவரை மடியில் தாங்கிய ஒரே குற்றத்துக்காக அவர் இழந்தது போதும். நான் திரும்பி வந்துவிட்டேன்.

கூட்டத்தின் வாட்ஸாப்பில் இருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஐந்து வண்டிகள் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகின்றன. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போது அவர்கள் உத்தமபாளையத்தில் இறங்குவதில்லை. நெடுஞ்சாலையிலேயே கம்பம் போய்ச் சுற்றிக்கொண்டு காமயகவுண்டன்பட்டிக்கு வருகிறார்கள். அந்தப் பாலத்தைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறதாம். சுந்தரம் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாராம், எல்லோரும் சரி என்றார்களாம். எங்கள் மனசு கஷ்டப்பட்டால் வழியை மாற்றுவது அவ்வளவு எளிது.

போய்ச் சொன்னதில் எதுவும் நடக்கவில்லை என்று சகாயம் அக்காவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமாக இல்லை. "அப்ப எழுதியாச்சும் குடுங்க. பேரு போட்டு, நீங்க எழுதுனதுன்னு போட்டு. பிள்ளை வாசிக்கிற வயசுல குடுக்கணும்" என்றார். அதனால்தான் இது. இதைப் படிக்கப் போகிற அந்தப் பிள்ளைக்குச் சொல்கிறேன்: உன் அப்பா கரையில் யாரையும் பார்க்கப் போகவில்லை. போட்டோ எடுக்கவும் போகவில்லை. தன் சொந்த வண்டியில் உட்கார்ந்தபடியே போவதற்காகப் போனார். கவனக்குறைவாக ஓட்டுகிறவர் இல்லை அவர். கவனம் இல்லாமல் இருந்தது நாங்கள்.

இப்படி எழுதுகிறவர்கள் இறந்தவரின் சிரிப்பை, நல்ல வார்த்தையை வைத்திருப்பதாகச் சொல்லி முடிப்பார்கள். என்னிடம் இருப்பது வேறு. அவர் சாவதற்கு இரண்டு வாரம் முன்பு, உத்தமபாளையம் பெட்ரோல் பங்கில், மற்றவர்கள் முன்னால் நகர்ந்துவிட்ட பிறகு, அவர் தன் வண்டியை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கதிரு, கம்பம் போயிச் சுத்தி வந்தா எம்புட்டுக் கூட வரும்?"

"நாலஞ்சு கிலோமீட்டர் வரும்ணே."

"அடுத்த தடவையும் இந்த வழிதானா?"

ஒன்றரை வருடத்தில் அவர் கேட்டது அது ஒன்றுதான். எங்கள் ஆறு பேரில் கேட்டது என்னிடம்தான். எதைக் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. முன்னால் சுந்தரம் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே, இந்த வழிதான்" என்றேன்.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு, நான் முன்னால் போவதற்காக வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.